தடுமாறுவது வேறு, விழுவது வேறு

கேள்வி: எனக்கு வயது 71. மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் ஹாலில் நடந்துகொண்டிருந்தபோது பேத்தி பின்னாலிருந்து கூப்பிட்டாள். திரும்பினேன், அவ்வளவுதான், பக்கவாட்டில் விழுந்துவிட்டேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஆனால் அன்றிலிருந்து மகன் என் மாலை நடையை நிறுத்திவிட்டான். மாடிப்படிப் பக்கமே போகக் கூடாது என்கிறான். போன மாதம் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தபோது கட்டிலுக்குப் பக்கத்திலேயே மறுபடி விழுந்தேன். எழுந்திருக்க வெகு நேரம் ஆயிற்று. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அறையை விட்டே வெளியே விடமாட்டார்கள். பிரஷருக்கு இரண்டு மாத்திரை, சர்க்கரைக்கு ஒன்று, பல வருடமாகத் தூக்க மாத்திரை. கண்ணாடி சமீபத்தில் மாற்றியது, புரோக்ரசிவ் லென்ஸ். வயதானால் இப்படித்தான் என்று உட்கார்ந்துவிட வேண்டியதுதானா? வைட்டமின் டி சாப்பிட்டால் சரியாகும் என்கிறார்களே? கைத்தடி பிடிக்கச் சொல்கிறார்கள், எனக்கு மனசில்லை.

பதில்:

அம்மா, உட்கார்ந்துவிடாதீர்கள். நீங்கள் இரண்டு முறை விழுந்ததைவிட, இரண்டாவதை மறைத்ததும் மகன் நடையை நிறுத்தியதும்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. இரண்டு பேரும் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் இரண்டும் சேர்ந்தால் மூன்றாவது முறை விழ வழி செய்துகொடுத்துவிடும்.

நான் பிசியோதெரபிஸ்ட். நடை, தசை, சமநிலை பற்றி உறுதியாகப் பேசுவேன். மாத்திரை விஷயத்தில் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வேன், முடிவு அவருடையது.

முதலில் உடம்பு எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடலாம். நிற்பது சும்மா இருப்பது போலத் தெரியும். உண்மையில் யாரும் அசையாமல் நிற்பதில்லை. பிள்ளைகள் ஒரு நீளக் குச்சியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடுவார்கள் இல்லையா, குச்சி சாயச் சாய கை அதன் பின்னால் ஓடும். நாமும் அப்படித்தான் நிற்கிறோம். உடம்பு ஓயாமல் கொஞ்சம் சாய்கிறது, கணுக்கால் அதை இழுத்து நிமிர்த்துகிறது. எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற செய்தி மூளைக்கு மூன்று வழியில் வருகிறது: கண், உள்காது, அப்புறம் பாதத்திலும் கணுக்காலிலும் கழுத்திலும் உள்ள உணர்வு நரம்புகள்.

வயது ஏற ஏற இந்த மூன்றும் மங்குகின்றன. குறைந்த வெளிச்சத்தில் படியின் விளிம்பு கண்ணுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. உள்காதில் அசைவை உணரும் நுண்ணிய செல்கள் குறைகின்றன. பாதத்தில் தொடுகையும் அதிர்வும் முன்போல உறைப்பதில்லை; சர்க்கரை பல வருடம் இருந்தால் இது இன்னும் சீக்கிரம் வரும். ஒன்று மங்கினால் மற்றவை ஈடு கட்டுவதால் குறை வெளியே தெரியாமலே இருக்கும். பகலில் நன்றாக நடக்கும் ஒருவர் இருட்டில் தள்ளாடுவது இதனால்தான். பாதத்திலிருந்து வரவேண்டிய செய்தி எப்போதோ குறைந்திருக்கும், அதைக் கண் மூடிமறைத்துக்கொண்டிருந்திருக்கும். முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடும்போது கை தானாகச் சுவரைத் தேடுகிறதா என்று கவனியுங்கள். தேடினால் உங்கள் பாதங்களைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு மெல்லிய நைலான் இழையையும் ஒரு இசைக்கவையையும் வைத்துச் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஆனால் வெறுமனே நிற்பதில் வரும் தள்ளாட்டம் சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு. தடுமாறாத மனிதரே கிடையாது. இருபது வயதுப் பையனுக்கும் கால் இடறுகிறது. நடக்கும்போது முன்னே வீசும் பாதத்தின் நுனிக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பல சமயம் 1 முதல் 2 சென்டிமீட்டர்தான். ஒரு மிதியடியின் மடிந்த ஓரம் போதும், தட்டிவிடும். அவன் தடுமாறுகிறான், ஆனால் விழுவதில்லை. ஒரு பெரிய அடியை வேகமாக எடுத்து வைத்துத் தப்பிக்கிறான், அப்படி ஒன்று நடந்ததே அவனுக்கு நினைவில் நிற்காது. வயதானால் அந்தத் தப்பிக்கும் அடி தாமதமாகிறது, சின்னதாகவும் ஆகிறது. ஒரு அடி போதாமல் இரண்டு மூன்று தேவைப்படுகிறது. பக்கவாட்டில் சாய்ந்தால் இன்னும் மோசம், ஒரு கால் மற்ற காலிலேயே இடித்துக்கொள்ளும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

தசைதான் இதில் முக்கியமான காரணம். முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதைத் தாண்டினால் இன்னும் வேகமாக. தசையின் அளவைவிட அதன் பலம் சீக்கிரம் குறைகிறது, பலத்தைவிட வேகம் சீக்கிரம். தசையில் மெதுவாக இயங்கும் நார்களும் சட்டென்று இயங்கும் நார்களும் உண்டு. முதலில் மெலிவது சட்டென்று இயங்குபவை. சாதாரணமாக நடக்க மெதுவானவை போதும் என்பதால் "நன்றாகத்தானே நடந்துகொண்டிருந்தேன்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். விழப்போகும் அந்த அரை நொடியில்தான் வேகமானவை தேவைப்படுகின்றன. கையும் அப்படித்தான். ஐம்பதுகளில் விழுபவர்களில் பலர் கையை ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறார்கள். எழுபத்தைந்துக்கு மேல் கை வந்து சேர்வதற்குள் இடுப்பு தரையைத் தொட்டுவிடுகிறது. இடுப்பெலும்பு முறிவுகள் பெரும்பாலும் பக்கவாட்டில் விழுவதால் வருபவை. நீங்கள் பக்கவாட்டில் விழுந்தும் எலும்பு தப்பியது நல்ல காலம். அடுத்த முறையும் அப்படி இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

திரும்பும்போது விழுந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. கனடாவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பொது இடங்களில் கேமரா வைத்து, முதியவர்கள் உண்மையில் எப்படி விழுகிறார்கள் என்று பார்த்தார்கள். 2013-ல் வெளியான ஆய்வு அது. 130 பேர், 227 விழுகைகள். வழுக்கி விழுந்தது 3 சதவீதம்தான். தடுக்கி விழுந்தது 21 சதவீதம். உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவதில் பிசகி விழுந்தது 41 சதவீதம். உட்காரப் போகும்போது, எழும்போது, திரும்பும்போது, எதையோ எட்டி எடுக்கும்போது. வெளியே நடமாடும் உங்களைப் போன்றவர்களிடம் வழுக்குவதும் தடுக்குவதும் இதைவிட அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனாலும் ஈரத்தரையை மட்டும் துடைத்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கும் குடும்பங்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பேத்தி கூப்பிட்டபோது என்ன நடந்திருக்கும்? நடந்துகொண்டிருக்கிறீர்கள், எடை ஒரு காலில். கவனம் குரலுக்குப் போகிறது. தலை சட்டென்று பின்னால் திரும்புகிறது, தோள் தொடர்கிறது, பாதம் மட்டும் தரையில் ஊன்றியபடியே நிற்கிறது. உடம்பு முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போகிறது. காப்பாற்ற வேண்டிய மறு கால் குறுக்கே மாட்டிக்கொள்கிறது. இதில் கவனம் சிதறியது சாதாரண விஷயம் அல்ல. 1997-ல் ஸ்வீடனில் ஒரு எளிய சோதனை செய்தார்கள். முதியவர் ஒருவரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுப்பது, பதில் சொல்ல அவர் நின்றுவிடுகிறாரா என்று பார்ப்பது. நின்றவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். இளமையில் நடை தானாக நடக்கிறது. வயதானபின் நடைக்கே மூளையின் கவனத்தில் ஒரு பங்கு போகிறது. பேச்சும் சேர்ந்தால் ஏதாவது ஒன்று குறைந்தாக வேண்டும்.

ஆகவே யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் "வரேன்" என்று வாயால் சொல்லுங்கள், நில்லுங்கள், அப்புறம் திரும்புங்கள். திரும்பும்போது ஊன்றிய காலில் சுழலாதீர்கள். பாதத்தைத் தூக்கித் தூக்கி, சின்னச் சின்ன அடியாக வட்டமடித்துத் திரும்புங்கள். பேத்தியிடமும் பாட்டிக்கு எதிரே வந்து பேசச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது விழுந்ததன் கதை வேறு. அது தசையைவிட ரத்த அழுத்தத்தின் வேலையாக இருக்கலாம். படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. இதயம் வேகத்தைக் கூட்டியும் ரத்தக் குழாய்கள் சுருங்கியும் உடனே ஈடுசெய்ய வேண்டும். வயதில் இந்த ஏற்பாடு மந்தமாகிறது, பிரஷர் மாத்திரைகள் அதை இன்னும் மந்தமாக்கலாம். அதோடு தூக்க மாத்திரை, நடுராத்திரி, இருட்டு, அவசரம். இத்தனையும் ஒரே சமயத்தில் சேர்ந்தால் எவருக்கும் கால் தள்ளாடும்.

டாக்டரிடம் போகும்போது படுத்த நிலையிலும், நின்ற பின் 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். உட்கார வைத்து ஒரு முறை பார்ப்பது இதற்குப் போதாது. நின்றதும் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மாத்திரையின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்றி யோசிப்பார். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பிரஷரைக் கட்டுப்பாடில்லாமல் விடுவது பக்கவாதத்துக்கு அழைப்பு. தூக்க மாத்திரையையும் பல வருடப் பழக்கத்துக்குப் பின் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மையும் படபடப்பும் திரும்பி வரும், சிலருக்கு அதைவிட மோசமாகவும் ஆகும். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டிய ஒன்று அது. இருந்தாலும் என்னைக் கேட்டால், உங்கள் பட்டியலில் முதலில் பேச வேண்டிய மாத்திரை அதுதான். சில வகைத் தூக்க மாத்திரைகள் மறுநாள் காலை வரை உடம்பில் தங்கி நடையை மந்தமாக்கும். சர்க்கரை மாத்திரையால் ராத்திரியில் சர்க்கரை இறங்குகிறதா என்றும் கேளுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகளில் சில தூக்கத்தைக் கொடுப்பவை, அவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

அதுவரை ராத்திரியில் இப்படிச் செய்யுங்கள்: கண் விழித்ததும் எழாதீர்கள். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு ஒன்றிரண்டு நிமிடம் உட்காருங்கள். கணுக்காலை மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து முறை அசையுங்கள். கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு நின்று, தலை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடங்கள். பாத்ரூம் வரை தரை தெரிகிற மாதிரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். ராத்திரியில் பல தடவை எழ வேண்டியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கே தனியாகக் காரணம் இருக்கலாம்.

ஒரு கேள்வி. படுக்கையில் புரளும்போதோ மேலே அண்ணாந்து பார்க்கும்போதோ அறையே சுற்றுவது போல இருந்து ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் உள்காதில் இருக்கும் சின்னஞ்சிறு கால்சியம் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போயிருக்கலாம். வயதானவர்களிடம் மிகச் சாதாரணம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி அவற்றை இடத்துக்குக் கொண்டுவரும் எப்லி முறை சில நிமிட வேலை, பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே குணம் தெரியும். இதற்கு வருடக்கணக்காகத் தலைசுற்றல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

கண்ணாடிக்கு வருகிறேன். புரோக்ரசிவ் லென்ஸின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது, கை தூரத்தில் இருப்பதைத் தெளிவாகக் காட்டும். நடக்கும்போது குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால் அந்தப் பகுதி வழியாகத்தான் தரையைப் பார்ப்பீர்கள். தரையோ அதைவிட வெகு தூரத்தில் இருக்கிறது. படியின் விளிம்பு மங்கும், ஆழம் தப்பாகத் தெரியும். தினமும் வெளியே நடப்பவர்கள் நடைக்கும் மாடிப்படிக்கும் தூரப் பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வது நல்லது. அதுவரை படி இறங்கும்போது முகவாயை நெஞ்சோடு தாழ்த்தி, கண்ணாடியின் மேல்பகுதி வழியாகப் படியைப் பாருங்கள். கண்ணில் புரை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இனி உங்கள் மகனுக்கு. இந்தப் பகுதியை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

தம்பி, அம்மாவை நடக்க விடாமல் வைத்திருப்பதால் இந்த வாரம் அவர் விழாமல் இருக்கலாம். ஆறு மாதம் கழித்து என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை போயிருந்தது. அம்மா படுக்கையில் இல்லை, சரி. ஆனால் நாற்காலியும் அதே திசையில்தான் கொண்டுபோகும், கொஞ்சம் மெதுவாக. இன்னொன்று, விழுந்துவிடுவோம் என்று பயந்தவர்கள் நடக்கும் விதமே மாறிவிடும். உடம்பை விறைத்துக்கொண்டு, காலடியைத் தேய்த்துக்கொண்டு, கண்ணைத் தரையிலேயே வைத்துக்கொண்டு நடப்பார்கள். விறைத்த உடம்பால் சட்டென்று ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. நீங்கள் "பார்த்து, பார்த்து" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பயத்துக்குக் கொஞ்சம் தீனி போடுகிறீர்கள். மாலையில் அவரோடு நீங்களும் நடங்கள், சிரமப்படும் பக்கத்தில், அரை அடி பின்னால். கையை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். அப்புறம், அம்மா உங்களிடம் ஒரு விஷயம் சொல்லப்போகிறார். கேட்டுவிட்டுத் திட்டாதீர்கள்.

அம்மா, அந்த விஷயம் எது என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மறைப்பது நீங்கள் மட்டும் அல்ல. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் கணக்குப்படி, விழுந்த முதியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே டாக்டரிடம் சொல்கிறார்கள். ஒரு முறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்போ இரட்டிப்பாகிறது. முதியவர்கள் விழுவதைத் தடுப்பது பற்றி 2022-ல் வெளியான உலக வழிகாட்டுதல், ஒரு வருடத்தில் இரண்டு முறையோ அதற்கு மேலோ விழுந்தவர்களையும் எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தவர்களையும் அதிக ஆபத்து உள்ளவர்கள் பட்டியலில் சேர்க்கிறது. இரண்டு முறையே அந்தப் பட்டியலுக்குப் போதும். நீங்கள் ஒன்றை மறைத்தால் டாக்டர் கணக்கில் ஒரு முறைதான் இருக்கும், முழுப் பரிசோதனை தேவையில்லை என்று அவர் நினைத்துவிடலாம்.

சரி, பயிற்சி. சமநிலை திரும்ப வளர்த்துக்கொள்ளக் கூடியது, எழுபதிலும் எண்பதிலும் கூட. 2019-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, மொத்தம் 23 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள். உடற்பயிற்சி விழுகைகளை 23 சதவீதம் குறைத்தது. அதிகம் உதவியவை சமநிலையைச் சோதிக்கும் பயிற்சிகள். அவற்றோடு தசைப் பயிற்சியும் சேர்ந்தவை. நடை மட்டும் போதும் என்பதற்கு அதே அளவு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே மாலை நடை இதயத்துக்கும் மனதுக்கும் நல்லது, தொடருங்கள். ஆனால் அதுவே விழாமல் காக்கும் என்று எண்ண வேண்டாம்.

ஆரம்பத்தில் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று பார்க்க ஒரு சோதனை. சுவரோடு ஒட்டிப் போட்ட, கை இல்லாத நாற்காலியில் உட்காருங்கள். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? 70 முதல் 74 வயதுப் பெண்களுக்கு 10-க்குக் கீழே என்றால் சராசரிக்குக் குறைவு. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் எண்ணிக்கை பூஜ்யம், அதுவும் ஒரு விடைதான். இதைச் செய்யும்போது மகனோ மருமகளோ பக்கத்தில் நிற்கட்டும்.

இதே எழுந்து உட்காருவதுதான் முதல் பயிற்சியும். எழும்போது வேகமாக, உட்காரும்போது மெதுவாக, மூன்று எண்ணும் நேரத்தில் இறங்குங்கள். தொப்பென்று விழுந்து உட்காரக் கூடாது. வேகமாக எழுவது நான் முன்பு சொன்ன சட்டென்று இயங்கும் நார்களுக்கு. மெதுவாக இறங்குவது தொடைக்கும் மாடிப்படிக்கும். அடுத்தது, சமையல் மேடை போல அசையாத ஒரு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பது. பிறகு ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்குவது. இடுப்பின் வெளிப்புறத் தசைதான் பக்கவாட்டில் சாயாமல் பிடித்து நிறுத்துவது, உங்களுக்கு அது முக்கியம். அப்புறம் ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி, ஒரே கோட்டில் நிற்பது. 10 நொடி நிற்க முடியவில்லை என்றால் விழும் ஆபத்து அதிகம் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

கடைசியாக, மேடையைப் பிடித்துக்கொண்டு அடி எடுத்து வைக்கும் பயிற்சி. முன்னே ஒரு பெரிய அடி, திரும்பி வருவது, பக்கத்தில் ஒன்று, திரும்பி வருவது, பின்னால் ஒன்று. பழகியபின் மருமகள் "வலது", "பின்னால்", "இடது" என்று எதிர்பாராமல் சொல்லட்டும், நீங்கள் உடனே அடி வைக்க வேண்டும். நான் எல்லோருக்கும் கொடுப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தப்பிக்கும் அடி என்றேனே, அதற்கே நேரான ஒத்திகை இது.

எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதில்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். கொஞ்சம் ஆட வேண்டும். ஆடாமல் செய்ய முடிகிற பயிற்சி சமநிலைக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்காது. ஆனால் ஆடும்போது பிடிக்க ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். முதலில் இரண்டு கையாலும் பிடியுங்கள், சுலபமானதும் ஒரு கை, பிறகு ஒரு விரல், பிறகு கையை மேடைக்கு மேலே வைத்துக்கொண்டு தொடாமல். வாரத்துக்கு 3 மணி நேரம் வரை கொண்டுபோனால் பலன் நன்றாகத் தெரியும், தினம் அரை மணி என்று வைத்துக்கொள்ளலாம். காலை கொஞ்சம், மாலை கொஞ்சம் என்று பிரித்தும் செய்யலாம். பலன் தெரிய மாதங்கள் ஆகும், விட்டால் போய்விடும். முதல் சில வாரங்கள் உங்கள் ஊரில் உள்ள ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துத் திருத்துவது நல்லது, குறிப்பாக இரண்டு முறை விழுந்தவருக்கு.

தரையிலிருந்து எழுவதையும் ஒத்திகை பாருங்கள். அன்று ராத்திரி வெகு நேரம் ஆயிற்று என்றீர்கள். தரையில் நெடுநேரம் கிடப்பது தனி ஆபத்து: உடல் குளிரும், நீர் வற்றும், அழுத்தம் படும் தசை சிதையும். பகலில் ஒரு விரிப்பு போட்டு, மகனை அருகில் வைத்துக்கொண்டு பழகுங்கள். விழுந்ததும் பதறி எழாமல் மூச்சைச் சீராக்கி, எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். இடுப்பிலோ தொடைச்சந்திலோ கடும் வலி, காலை அசைக்க முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் எழ முயலவே கூடாது, ஆளைக் கூப்பிட வேண்டும். அப்படி இல்லையென்றால் ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, இரண்டு கையும் இரண்டு முட்டியும் தரையில் ஊன்றி நில்லுங்கள். தவழ்ந்து உறுதியான நாற்காலிக்கோ கட்டிலுக்கோ போங்கள். இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, பலமான காலை முன்னே மடித்து ஊன்றித் தள்ளி எழுந்து, திரும்பி உட்காருங்கள். உடனே நடக்க வேண்டாம். ராத்திரியில் போன் கட்டிலில் அல்ல, உங்கள் உடம்போடு இருக்கட்டும், ஒரு சின்னப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாலும் சரி.

தலையில் அடிபட்டால், அதுவும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், ஒன்றும் தெரியவில்லை என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வயதானவர்களுக்கு மூளையைச் சுற்றிக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்துக் குழப்பமாகவோ தலைவலியாகவோ வெளிப்படுவது உண்டு. உங்களுக்கு இரண்டு முறையும் தலையில் படவில்லை என்று நினைக்கிறேன், பட்டிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வைட்டமின் டி பற்றிச் சுருக்கமாக. ரத்தத்தில் குறைவு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளுங்கள், எலும்புக்குத் தேவை. குறைவு இல்லாதவர்களுக்கு அது விழுவதைத் தடுக்கும் என்பதைப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே முறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள், 2010-ல் முடிவு வந்தது. கொடுக்கப்பட்டவர்கள் அதிகமாக விழுந்தார்கள். யாரோ சொன்னார்கள் என்று பெரிய அளவில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்குள் காலணி: மெத்தென்ற தடித்த அடிப்பகுதி வேண்டாம், பின்பக்கம் திறந்த செருப்பும் வேண்டாம். குதிகாலைப் பிடித்து நிற்கும், மெல்லிய உறுதியான அடிப்பகுதி உள்ளது நல்லது. காலுறை மட்டும் போட்டுக்கொண்டு நடப்பது எல்லாவற்றையும்விட மோசம்.

கடைசியில் கைத்தடி. மனசில்லை என்கிறீர்கள், புரிகிறது. எல்லோருக்கும் தடி தேவை என்று நான் நினைப்பதில்லை. ஆனால் இப்போதே சுவரையும் நாற்காலி முதுகையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு ஏற்கெனவே தடி தேவைப்படுகிறது. மேடு பள்ளமான பாதையிலும் கூட்டத்திலும் மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வைத்துவிடலாம். தடி கையில் இருந்தால் எதிரே வருகிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கிப் போவார்கள், அதுவும் ஒரு லாபம். காலணி போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அதுவே கைப்பிடியின் உயரம். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் மாற்றுங்கள். பலவீனமான கால் எதுவோ அதற்கு எதிர்ப்பக்கக் கையில் பிடித்து, அந்தக் காலோடு சேர்த்துத் தடியையும் முன்னே வைக்க வேண்டும்.